மேஜைக்கு அந்தப் பக்கம் அம்மா

போன வாரம் சாப்பாட்டு மேஜையில் அம்மா போட்ட குண்டின் புகை அந்த வீட்டில் இன்னும் அடங்கவில்லை.

"பார்மசி படிக்க நானும் எழுதிப் போட்டேன். உன் காலேஜ்ல இருந்து இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்காங்க."

சொல்லிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.

அம்மாவுக்கு வயது நாற்பத்தைந்து. பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜை வேலை. கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது கல்யாணம், கையோடு குழந்தை. படிப்பு அங்கேயே நின்றது. இப்போது சில வருஷங்களாகச் சாயங்கால வகுப்புக்குப் போய் ரசாயனம், உயிரியல், கணக்கு என்று ஒவ்வொரு பாடமாக முடித்துக்கொண்டிருந்தாள். "பொழுது போகணுமே" என்பாள். பொழுது போவதற்கு யாராவது ரசாயனம் படிப்பார்களா என்று அப்பாவுக்கும் தோன்றவில்லை, மகளுக்கும் தோன்றவில்லை.

மகளுக்கு வீட்டில் பெயர் மிளகு. ஆள் சின்னது, வாய் காரம் என்று அப்பா வைத்தது. அதே பார்மசி கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். குண்டு விழுந்த நாளிலிருந்து அவளாக அம்மாவிடம் பேச்சுக் கொடுக்கவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது.

சில வருஷங்களுக்கு முன்னால், பட்டப் படிப்பின் நடுவில் இருந்தபோது, மிளகு ஒன்றைத் தெரிந்துகொண்டாள். அந்தக் கல்லூரியில் சேரப் பட்டம் கட்டாயமில்லை. குறிப்பிட்ட சில பாடங்களை முடித்து, மார்க்கும் இருந்து, நேர்முகத் தேர்வில் தேறினால் நேராக உள்ளே போகலாம். அவளும் கூடப் படித்த ஒரு தோழியும் சேர்ந்தே எழுதிப் போடுவதாக இருந்தார்கள். அம்மா விடவில்லை.

"டிகிரி இல்லாம உள்ள போனா ஒருத்தனும் மதிக்க மாட்டான். என்னைப் பாரு. முடிச்சுட்டு அப்புறம் எங்க வேணா போ."

மிளகு அழுதாள். கெஞ்சினாள். சாப்பிடாமல் கிடந்தாள். அம்மா அசையவில்லை.

தோழி போனாள். படித்து முடித்தும்விட்டாள். போன மாதம் ஓர் ஆஸ்பத்திரி மருந்தகத்துக்குப் பயிற்சிக்குப் போனபோது, மிளகுக்கு மேற்பார்வையாளராக வெள்ளைக் கோட்டில் வந்து நின்றது அதே தோழிதான். மாத்திரை எண்ணிக்கொண்டே அவளை "மேடம்" என்று கூப்பிட வேண்டியிருந்தது. தோழியும் ஒப்புக்குக்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை.

இன்றைக்கு, மகளுக்குச் சாத்திய அதே கதவு வழியாக அம்மா உள்ளே நுழையப் போகிறாள்.

காலையில் அம்மா கண்ணாடி முன்னால் நின்று நீல உடையின் மடிப்பை மூன்றாம் முறையாக நீவிக்கொண்டிருந்தாள். காலில் புதுச் செருப்பு. அப்பா டீயை உறிஞ்சியபடி வேடிக்கை பார்த்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். வேலையில் நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் தனியாக நிற்பவர், வீட்டுக்கு வந்தால் வாயை மூட மாட்டார்.

"மிளகு, முதல் வருஷத்துப் பாப்பா வருது. ராகிங் பண்றதுன்னா பாத்துப் பண்ணுங்க. பாப்பாவுக்கு முட்டி வலி."

மிளகு சிரிக்கவில்லை. பையில் புத்தகத்தைத் திணித்தாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போடி," என்றாள் அம்மா. "என்னதான் கேப்பாங்க?"

"தெரியாது."

"நீதான் போன வருஷம் இன்டர்வியூ எடுக்கற மூணு பேர்ல ஒருத்தியா உக்காந்தியே?"

"அதனாலதான் தெரியாதுங்கறேன்."

"சரி, விடு." அம்மா காதோர முடியை ஒதுக்கிக்கொண்டாள். அவளுக்கு உள்ளுக்குள் நடுக்கம். நடுங்கினால் அவள் அதிகம் பேசுவாள். "எனக்கு ஒரு பயமும் இல்லை. டிகிரி எதுக்கு? அடிப்படைப் பாடம் முடிச்சிருந்தா போதும்னு அவங்களே போட்டிருக்காங்க."

மிளகின் கை நின்றது.

அது அவளுடைய வாக்கியம். இதே சமையலறையில், இதே அம்மாவின் காலைப் பிடிக்காத குறையாக அவள் சொன்ன வாக்கியம். அம்மாவுக்கு அது நினைவில் இருந்ததா இல்லையா, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

மிளகு கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனாள்.

"என்னவாம்?" என்றார் அப்பா.

"அவளுக்கு என்ன? எப்பவும் போல." அம்மா மறுபடியும் உடையை நீவ ஆரம்பித்தாள்.

கல்லூரியில் நேர்முகத் தேர்வு நாள் என்றால் தாழ்வாரமே ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி ஆகிவிடும். சுவரோரம் நாற்காலிகள், நாற்காலிகளில் உலர்ந்த உதடுகள். ஒவ்வோர் அறையிலும் மூன்று பேர் குழு: ஒரு பேராசிரியர், வெளியிலிருந்து வந்த ஒரு பார்மசிஸ்ட், மூத்த மாணவர் ஒருவர். மிளகுக்கு ஒதுக்கியிருந்தது முதல் அறை. அம்மாவின் பெயர் கடைசி அறையில் இருந்தது.

அப்படியே விட்டிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை.

கடைசி அறைக்கு ஒதுக்கப்பட்ட மாணவனை எல்லாரும் ஒல்லி என்பார்கள். மிளகு அவனை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"ஒல்லி, ரூம் மாத்திக்கலாமா?"

"ஏன்?"

"அங்க ஏசி ஒத்துக்க மாட்டேங்குது. தும்மல்."

"கடைசி ரூம்ல பேராசிரியை இருக்காங்க. கறார் பார்ட்டி. தெரியும்ல?"

"பரவாயில்லை."

ஒல்லிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முதல் அறைக்கு ஓடியே போனான்.

ஆரம்பிக்கும் முன் அலுவலக ஊழியர் ஒவ்வோர் அறையாக வந்து விதிகளைப் படித்தார். வருகிறவர் உறவோ, நண்பரோ, பக்கத்து வீடோ, எதுவானாலும் உடனே சொல்லிவிட்டு எழுந்துகொள்ள வேண்டும். மறைத்தால் கடுமையான நடவடிக்கை. "யாருக்காவது அப்படி யாராவது?" என்று கேட்டார்.

மிளகு தலையை அசைத்தாள். இல்லை.

என்ன செய்யப் போகிறோம் என்று அவளுக்கே தெளிவாக இல்லை. அம்மா கதவைத் திறக்க வேண்டும். மேஜைக்கு இந்தப் பக்கம் தன்னைப் பார்க்க வேண்டும். பார்த்ததும் அந்த முகம் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

மத்தியானத்துக்குச் சற்று முன்னால் கதவு திறந்தது.

அம்மா பார்த்தாள். கைப்பையைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் ஒருமுறை இறுகித் தளர்ந்தன. பிறகு மூவருக்கும் பொதுவாக, "வணக்கம்" என்றாள். நாற்காலியைச் சத்தமில்லாமல் இழுத்து உட்கார்ந்தாள்.

இது என் மகள் என்று அம்மா சொல்லவில்லை. மிளகும் சொல்லவில்லை.

பேராசிரியை நரைத்த முடியை ஒட்ட வெட்டியவர். "வாங்க. பதட்டப்படாதீங்க. ஏன் பார்மசி?"

"மருந்து என்பது மனித குலத்திற்குக் கிடைத்த..." என்று அம்மா ஆரம்பித்தாள். மனப்பாடம் செய்தது. பாதியில் வார்த்தை மாட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரி பார்மசிஸ்ட், வழுக்கைத் தலையும் நல்ல மனசுமாக இருந்தவர், தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார்.

"உங்க பேச்சிலேயே சொல்லுங்கம்மா."

அம்மா தண்ணீர் குடித்தாள். "பல் ஆஸ்பத்திரியில சீட்டு எழுதிக் குடுத்து அனுப்புவோம் சார். மறுநாள் போன் பண்ணி, இதைச் சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியான்னு என்கிட்ட கேப்பாங்க. டாக்டரைக் கேக்கப் பயம். எனக்குத் தெரியாது, ஆனா கேட்டுச் சொல்வேன். கேட்டுக் கேட்டே இத்தனை வருஷம் போச்சு. நானே தெரிஞ்சுக்கணும்னு ஆசை."

பேராசிரியை ஏதோ குறித்துக்கொண்டார்.

பார்மசிஸ்ட் கேட்டார்: "உங்க பக்கத்து வீட்டுக்காரங்க கவுன்டருக்கு வர்றாங்க. 'எதிர் வீட்டம்மா என்ன மாத்திரை வாங்கிட்டுப் போனா, உடம்புக்கு என்னவாம்?'னு விசாரிக்கிறாங்க. என்ன சொல்வீங்க?"

"சொல்ல மாட்டேன்."

"ரொம்ப நெருங்கின சிநேகிதம்."

"பெத்த தாயே வந்தாலும் சொல்ல மாட்டேன் சார்."

பார்மசிஸ்ட் புன்னகைத்தார். இப்போது மாணவியின் முறை.

மிளகு பேனாவை மூடினாள். பேச்சு வந்த நாளிலிருந்து அம்மாவை "நீ" என்று மட்டுமே கூப்பிட்டவள் அவள். திட்டும்போதும் நீதான், காய்ச்சலில் கட்டிக்கொண்டு கிடந்தபோதும் நீதான்.

"நீங்க டிகிரி முடிக்கலை," என்றாள்.

அந்த "நீங்க" அம்மாவின் மேல் எங்கே பட்டதோ, அவள் ஒருமுறை கண்ணை இமைத்தாள்.

"இல்லைங்க. முடிக்கலை."

"வெளியில டிகிரி முடிச்சுட்டு வந்து அத்தனை பேர் காத்திருக்காங்க. அவங்களை விட்டுட்டு உங்களை எதுக்கு எடுக்கணும்?"

"காலேஜ் விதி டிகிரி கேக்கலையே."

"விதி கேக்கலை. நான் கேக்கறேன். டிகிரி இல்லாம வந்தா இங்க ஒருத்தனும் மதிக்க மாட்டான். அது தெரியுமா உங்களுக்கு?"

பேராசிரியை மிளகைத் திரும்பிப் பார்த்தார். கேள்வி காரமாக இருந்தது, ஆனால் விதிக்குள் இருந்தது. விட்டுவிட்டார்.

அம்மாவின் கழுத்தில் சிவப்பு ஏறியது. "அப்படியும் சிலர் சொல்வாங்க. சொல்றவங்க எல்லாம் சரியாத்தான் சொல்லணும்னு இல்லையே."

"அப்ப தப்பாச் சொன்னவங்களை என்ன பண்றது?"

"அவங்க யாருக்குச் சொன்னாங்க, எதுக்குச் சொன்னாங்கன்னு பாக்கணும்."

பேராசிரியைக்கு இந்த வாதம் பிடித்துப் போய்விட்டது. நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். பாவம், அவர் நல்லெண்ணத்தில்தான் கேட்டார்.

"உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா? விருப்பம் இருந்தா சொல்லுங்க."

"ஒரே பொண்ணு மேடம்."

"அந்தப் பொண்ணு வந்து, 'அம்மா, நானும் டிகிரியை விட்டுட்டு நேரா பார்மசிக்குப் போறேன்'னா விடுவீங்களா?"

மிளகு மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இதைத்தான் அவள் கேட்க நினைத்தாள். அவளுக்காகவே வேறொருவர் கேட்டுவிட்டார்.

"கேட்டா மேடம்," என்றாள் அம்மா. "நான் விடலை."

"ஏன்? உங்களுக்குச் சரின்னா அவங்களுக்கும் சரிதானே?"

அம்மா பேராசிரியையைப் பார்க்கவில்லை. நேராக மிளகைப் பார்த்தாள். அதிகம் யோசிக்கவும் இல்லை.

"அவளால முடியாது மேடம். சுமாராப் படிக்கிறவ. டிகிரின்னு ஒண்ணு கையில இல்லைன்னா அவளை யாரும் திரும்பிக்கூடப் பாத்திருக்க மாட்டாங்க. எனக்கு அது தேவையில்லை. அவளுக்குத் தேவைப்பட்டுச்சு."

பார்மசிஸ்ட் "அடேயப்பா" என்று சிரித்தேவிட்டார். பேராசிரியையும் உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கினார். "இவ்வளவு உடைச்சுப் பேசற அம்மாவை நான் பாத்ததில்லை."

"உள்ளதைத்தானே சொல்லணும்," என்றாள் அம்மா.

மிளகும் சிரித்தாக வேண்டியிருந்தது. சிரித்தாள். கன்னத்துச் சதை இழுத்துக்கொண்டு வலித்தது.

அம்மா எழுந்து, வணக்கம் சொல்லி, கதவைப் பதமாகச் சாத்திவிட்டுப் போனாள்.

"எனக்குப் பிடிச்சிருக்கு," என்றார் பார்மசிஸ்ட் உடனே. "இந்த மாதிரி ஆள்தான் கவுன்டர்ல நிக்கணும்."

"முதல் பதில் சொதப்பல். அப்புறம் நிமிர்ந்துட்டாங்க." பேராசிரியை பென்சிலால் ஒரு மார்க்கைப் போட்டார். எட்டிப் பார்த்தால் தெரியும் தூரம்தான். நல்ல மார்க். "நீ என்னம்மா சொல்றே?"

இந்த இடத்தில் மிளகு, "அவங்க என் அம்மா" என்று சொல்லியிருக்கலாம். தலைவலி என்று எழுந்து போயிருக்கலாம். வெறுமனே ஒரு குறைந்த மார்க்கைப் போட்டிருந்தால்கூடப் போகிறது, மற்ற இருவரின் மார்க் அதை ஈடுகட்டியிருக்கும்.

அவள் நிதானமாகப் பேசினாள். வகுப்பில் பேசுவது போல.

"எதிர் வீட்டம்மாவோட மாத்திரையை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னாங்க. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ரெண்டு நிமிஷத்துல, முன்னப்பின்ன தெரியாத மூணு பேர் முன்னாடி சொந்தப் பொண்ணோட குறையை எடுத்துப் போட்டாங்க. யாரும் கட்டாயப்படுத்தலை. நாம சிரிச்சோம், அவங்களுக்கு அது பிடிச்சிருந்துச்சு. பொண்ணோட மானத்தையே ஒரு சீட்டுக்காக விக்கிறவங்க, நோயாளியோட ரகசியத்தைக் காப்பாத்துவாங்களா மேடம்?"

பார்மசிஸ்டின் சிரிப்பு மெல்ல அணைந்தது.

"அது... அந்தக் கோணத்துல நான் பாக்கலை," என்றார்.

பேராசிரியை தன் தாளைத் திரும்பப் பார்த்தார். பிறகு ரப்பரை எடுத்தார். போட்டிருந்த மார்க்கை அழித்தார். தூளை ஊதித் தள்ளிவிட்டு வேறொன்றை எழுதினார்.

"நல்லாக் கவனிக்கிறே," என்றார் மிளகிடம்.

பாராட்டு. மூன்று வருஷத்தில் அவரிடமிருந்து கிடைத்த முதல் பாராட்டு.

சாயங்காலம் கல்லூரி வாசலுக்கு வெளியே பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருந்தாள். புதுச் செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மிளகைக் கண்டதும் நகர்ந்து இடம் விட்டாள்.

"வா. உனக்காகத்தான் பஸ்ஸெல்லாம் விட்டுட்டு உக்காந்திருக்கேன்."

மிளகு உட்காரவில்லை. ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் முறையாக அவளே அம்மாவிடம் பேச்சை ஆரம்பித்தாள்.

"உள்ள வந்ததும் நீ ஏன் சொல்லலை? உறவுன்னா சொல்லணும்னு வெளியில படிச்சுக் காட்டியிருப்பாங்களே."

"காட்டினாங்க."

"அப்புறம்?"

"சொன்னா எனக்கு வேற ரூம் குடுத்திருப்பாங்க. உன்னை?"

மிளகுக்குப் பதில் தெரியும். மறைத்ததற்குக் கல்லூரியை விட்டே அனுப்பியிருப்பார்கள்.

"படிச்சதெல்லாம் போயிடும்ல," என்றாள் அம்மா, பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்தபடி. "நீ எதுக்கு அங்க வந்து உக்காந்தேன்னு நான் கேக்கலை பாரு. அதே மாதிரி நீயும் என்னைக் கேக்காதே."

"நான் சுமாராப் படிக்கிறவளா?"

"யார் சொன்னது?"

"நீ. எல்லார் முன்னாடியும்."

"எல்லாருமா? தெரியாத மூணு பேர்கிட்ட என் பொண்ணைப் பத்திச் சொன்னேன். அதுல ஒருத்திக்குச் சுட்டுச்சுன்னா நான் என்ன பண்றது?" அம்மாவின் குரல் உயரவே இல்லை. "நீங்க வாங்கன்னு யாரோ மாதிரி பேசினது நீ. நானும் யாரோ மாதிரி பேசினேன்."

மிளகின் கண் நிறைந்தது. அதை அம்மா பார்த்தாளா தெரியாது. ஆனால் எழுந்து நின்றாள், மகளின் சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கிக் கிடந்ததை இழுத்துச் சரிசெய்தாள், தோளில் ஒட்டியிருந்த நூலைக் கிள்ளி எறிந்தாள். கல்லூரி வாசலிலிருந்து வெளியே வந்த ஒரு கார் அவர்கள் அருகில் வேகம் குறைந்து, பிறகு போயிற்று. இருவரும் கவனிக்கவில்லை.

"அந்தப் பேராசிரியை சிரிச்சாங்க, பாத்தியா?" என்றாள் அம்மா பேருந்தில். அவளால் அடக்க முடியவில்லை. "எனக்கென்னமோ கிடைச்சுடும்னு தோணுதுடி."

மிளகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா உடை மாற்றிக்கொண்டு, மாடி வீட்டுக்காரியிடம் சேதி சொல்லப் போனாள். அப்பா சோபாவில் காலை நீட்டியிருந்தார்.

"என்ன, பாப்பா எப்படிப் பண்ணிச்சு?"

"அப்பா, ஒண்ணு கேக்கறேன். விளையாடாம சொல்லுங்க. அன்னைக்கு அம்மா என்னை ஏன் பார்மசிக்கு விடலை?"

அப்பாவின் முகத்திலிருந்து விளையாட்டு மறைந்தது. "இப்ப எதுக்கு அது?"

"சொல்லுங்க."

"சொல்லாதேன்னு சத்தியம் வாங்கியிருக்கா." தலையைச் சொறிந்தார். "சரி, இப்பதான் நீயே அங்க படிக்கிறியே, இனிமே என்ன. நீ அழுது புரண்டே பாரு, அந்த வாரமே உங்கம்மா லீவு போட்டுட்டு இந்த பார்மசி காலேஜுக்குப் போனா. அட்மிஷன்ல உக்காந்திருந்தவங்ககிட்ட உன் மார்க்கைச் சொல்லி, 'என் பொண்ணுக்குக் கிடைக்குமா'ன்னு கேட்டா. 'டிகிரி இல்லாம வர்றவங்களுக்கு மார்க் இன்னும் மேல இருக்கணும்மா, இந்த மார்க்குக்கு வாய்ப்பே இல்லை, டிகிரி முடிச்சுட்டு வரச் சொல்லுங்க'ன்னுட்டாங்க. உன் சிநேகிதிக்கு மார்க் இருந்துச்சு. உனக்கு இல்லை."

மிளகு நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஏன் சொல்லலை?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'அவ என்னைத் திட்டிட்டுப் போகட்டும். உனக்கு முடியாதுன்னு அவ காதுல விழ வேண்டாம்'னுட்டா." அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அங்க போனப்பதான் அந்த விதியெல்லாம் படிச்சுப் பாத்தாளாம். தனக்கும் வயசு ஒண்ணும் தடை இல்லைன்னு. அதுக்கப்புறம்தான் சாயங்கால வகுப்பு."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அப்பா சட்டென்று தொலைக்காட்சியைப் போட்டார்.

அம்மா உள்ளே வந்தாள். முகம் கழுவிய ஈரம், மாடி வீட்டுக்காரியின் வாழ்த்து எல்லாமாகச் சேர்ந்து அவள் பத்து வயது குறைந்து தெரிந்தாள். சமையலறைக்குள் போனாள். முட்டையை உடைத்து ஊற்றும் சத்தம் வந்தது. மிளகு சமையலறை வாசலில் போய் நின்றாள்.

"அம்மா."

"ம்?"

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தாள். எல்லாவற்றையும். ரப்பர் தூள் பறந்தது வரைக்கும்.

அம்மா திரும்பாமலே கேட்டாள். "மறைக்காம சொல்லு. நீ எனக்கு மார்க் எப்படிப் போட்டே?"

அடுப்பில் முட்டை விளிம்பு பொரிந்தது.

"நல்லாத்தான் போட்டேன்," என்றாள் மிளகு.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். வந்து மகளின் தலையை ஒருமுறை தடவினாள். தடவிப் பழக்கமில்லாத கை. எண்ணெய் பட்டுவிட்டதே என்று உடனே எடுத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்டி. வாய்தான் உனக்குக் காரம்."

கூடத்தில் மிளகின் கைபேசி அடித்தது. ஓடிப் போய் எடுத்தாள். பேராசிரியை.

"நாளைக்குக் காலையில முதல் வேலையா என் ரூமுக்கு வா."

"எதுக்கு மேடம்?"

"நம்ம ஆஸ்பத்திரி பார்மசிஸ்ட் கார்ல போறப்ப பஸ் ஸ்டாப்புல உங்களைப் பாத்தாராம். அந்தம்மா உன் சட்டைக் காலரைச் சரி பண்ணிக்கிட்டிருந்தாங்களாம். யாரும்மா அவங்க உனக்கு?"

பேராசிரியை பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"வர்றப்ப உங்கம்மாவையும் கூட்டிட்டு வா. அந்த ரூம்ல அவங்களைப் பத்தி நீ என்கிட்ட என்ன சொன்னியோ, அதை ஒரு வார்த்தை விடாம அவங்க முன்னாடி நீ திரும்பச் சொல்லணும். அதுக்கப்புறம்தான் உங்க ரெண்டு பேர் விஷயத்தையும் முடிவு பண்ணுவேன்."

வைத்துவிட்டார்.

"யாருடி போன்ல? காலேஜா?" சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் ஆசையோடு வந்தது. "என்னையா கேக்கறாங்க?"

"ஆமாம்மா," என்றாள் மிளகு. "உன்னைத்தான் கேக்கறாங்க."